பூட்டு முகம் பார்க்காது

பூட்டுக்காரருக்கு ஊர் ஆட்களை முகத்தால் தெரியாது, கதவால்தான் தெரியும். "பச்சைக் கதவு, இடது பக்கம் திரும்புற பூட்டு" என்றால் ஆள் யாரென்று சொல்லிவிடுவார். கடைத்தெரு மூலையில் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய கடை. உள்ளே ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் வெளியேதான் நிற்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பிரசங்கம் நடக்கும், அப்புறம்தான் வேலை. உலகத்தில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் மட்டமான பூட்டுதான் காரணம் என்பது அவர் கட்சி. அவரோடு வாதாடப் போனவர்கள் புதுப் பூட்டோடுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். ஏழு வயதில் ஒரே பெண். அதற்கு மாமா வைத்த பெயர் வாயாடி. அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

வீட்டு வாசல் கதவில் ஐந்து பூட்டு. தீப்பிடித்தால் பிள்ளை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, ஐந்தையும் உள்ளிருந்து திறக்க வாயாடிக்கு நாலு வயதிலேயே பழக்கிவிட்டார். ஸ்டூல் மேல் ஏறிப் பதினொரு விநாடியில் ஐந்தையும் திறந்துவிடும். விருந்தாளி வந்தால் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பூரித்துப்போவார். கதவைத் திறக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், யாருக்குத் திறக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்.

அந்த மாதம் அக்காவுக்குத் தலைமை நர்ஸ் பதவி வந்தது. பதினாலு வருஷம் அவள் காத்திருந்த பதவி. ஆனால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதுவரை வாயாடி மாமாவின் பொறுப்பு.

"மூணு நாள் பார்ப்போம்டா. சரியா வந்தா ஒத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

"அஞ்சு பூட்டு இருக்குக்கா. ஈ எறும்புகூட உள்ள வராது."

ஈ எறும்பு வரவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவில் மாட்டிக்கொண்ட ஒரு கார்க் கதவைத் திறக்க அவர் பத்து நிமிஷம் போய்விட்டு வந்தபோது, வீட்டு சோபாவில் முன்பின் தெரியாத ஒருத்தர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வீடு கூட்டும் மிஷின் விற்க வந்தவர். வாயாடி அவருக்கு ஐந்து பூட்டையும் செய்துகாட்டி முடித்து, அம்மாவின் நகை இருக்கும் அலமாரியைக் காட்டி, மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைச் சொல்வது வரைக்கும் வந்திருந்தது.

விற்பனைக்காரர் பயந்துபோய் எழுந்தார். "சார், நான் வேண்டாம்னுதான் சொன்னேன். பாப்பாதான் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்துச்சு."

"நல்ல விதமாத்தான் கேட்டாரு மாமா. 'வீட்ல யாராவது இருக்காங்களா'ன்னு" என்றது வாயாடி.

அன்றைக்கு அக்கா சத்தம்கூடப் போடவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிடறேன். எவன் கூப்பிட்டாலும் பின்னாடியே போயிடும் இது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாளே வகுப்பு டீச்சரிடம் போய் நின்றார். டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மூன்று விஷயங்களை அவருக்கும் சொன்னார். தெரிந்தவரோ தெரியாதவரோ, வீட்டில் சொல்லாமல் யாரோடும் போகக் கூடாது. ஆசை காட்டினாலோ கையைப் பிடித்தாலோ ஊரே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். சந்தேகம் வந்தால் நம்பிக்கையான பெரியவரிடம், பள்ளிக்கூடம் என்றால் டீச்சரிடம், ஓடி வர வேண்டும். "வேணும்னா வீட்டுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்குங்க. அதைச் சொன்னவங்களோட மட்டும் போகலாம்னு பழக்குங்க."

ஒரு வார்த்தையாம். பூட்டுக்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ஒரே ஒரு பல் உள்ள சாவியை எவனும் அரத்தால் ராவிக்கொண்டு வந்துவிடுவானே.

ஆகவே கிழமைக்கு ஒன்றாக ஏழு வாக்கியங்கள் தயாராயின. 'மூணு ஆமை பச்சை வாளியில நாலு தடவை நீந்துச்சு' என்பது செவ்வாய்க்கிழமை. மற்றவை இதைவிட மோசம். எழுதிய நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், நாலாவது தடவை கிடையாது.

"அம்மா வந்தாலும் கேக்கணுமா மாமா?"

"யார் வந்தாலும். பூட்டு முகம் பார்க்காது. சாவியைத்தான் பார்க்கும்."

"எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுடா" என்று சொல்லிவிட்டு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயாடிக்கு ஏழும் ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம்.

சோதித்துப் பார்க்க, தனக்குத் தெரிந்த, ஆனால் வாயாடி பார்த்திராத குழாய்க்காரர் ஒருவரைப் பூனைக்குட்டியோடு வாசலுக்கு அனுப்பினார். வாயாடி பூனைக்குட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. குழாய்க்காரர் பூனையைத் திரும்ப வாங்க அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. பூட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க ஒரு பழைய பீரோவோடு மல்லுக்கட்டிவிட்டு, நேரே பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினார்.

"வா, போகலாம்."

"வாக்கியம் மாமா."

வாயைத் திறந்தார். "ரெண்டு யானை..."

"அது புதன்கிழமை."

"மூணு ஆமை..."

"செவ்வாய்க்கிழமை. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "கத்திரிக்கா?" என்றார்.

வாயாடி இரண்டு அடி பின்னால் போய் வாட்ச்மேனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டது. "என் மாமாதான். ஆனா தப்பாச் சொல்லிட்டாரு" என்று அவரிடம் விளக்கம் வேறு.

எந்தப் பூட்டிடமும் தோற்காத மனிதருக்குக் கை பரபரத்தது. குரலைத் தாழ்த்தி, "சும்மா வாடா கண்ணு. வழியில ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்" என்றார்.

அவ்வளவுதான். "ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு கூப்பிடறாரு!" என்று அது போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். வாட்ச்மேன் பூட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தார். தோள்பை விழுந்து திறந்துகொண்டது. வளைந்த கம்பிகள், குறடு, கொக்கி, யார் யார் வீட்டுக்கோ செய்த இருநூறு சாவிகள். நிஜமாகப் பிள்ளை பிடிக்கிறவன்கூட இவ்வளவு சாமானோடு வரமாட்டான். சுற்றி நின்ற அம்மாக்களில் நாலு பேர் வீட்டில் இவர் போட்ட பூட்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் வந்து எல்லோரையும் அலுவலக அறைக்கு அழைத்துப்போய் அக்காவுக்குப் போன் செய்தார். பூட்டுக்காரர் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவமானம்கூட அவருக்குப் பெரிதாகப்படவில்லை. அக்காவின் பதினாலு வருஷத்தை மூணு ஆமைக்கும் ரெண்டு யானைக்கும் பலி கொடுத்துவிட்டோமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா யூனிபார்மோடு, மருந்து வாசனையோடு, மூச்சிரைக்க வந்தாள். "வாடி வீட்டுக்கு."

வாயாடி டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. "வாக்கியம்மா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்தார்.

"நான் உன் அம்மாடி."

"தெரியும்மா. பூட்டு முகம் பார்க்காது." நாற்காலியை விடவில்லை.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போட்டோ ஒட்டிய பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். படத்தையும் அக்காவையும் ஒத்துப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். "நான் சொன்ன மூணாவது விஷயம் என்ன?"

"சந்தேகம் வந்தா டீச்சர்கிட்ட வரணும்."

"வந்துட்டல்ல? நான் பார்த்துட்டேன். நீ அம்மாகூடப் போகலாம்."

ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது வாயாடி. அதன் கை இரண்டும் சில்லிட்டிருந்ததை அக்கா யூனிபார்முக்கு மேலேயே உணர்ந்தாள்.

தெருவில் மூன்று பேரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பூட்டுக்காரர் நாலடி பின்தங்கியே வந்தார்.

"டீச்சர் இல்லாம இருந்தா அம்மாகூட வந்திருக்கவே மாட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

வாயாடி யோசித்தது. யோசித்துவிட்டுப் பேசுவது அதற்கு அதுதான் முதல் தடவை.

"வந்திருக்க மாட்டேம்மா. ஆனா அழுதிருப்பேன்."

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "திங்கட்கிழமையிலேர்ந்து சேர்ந்துக்கிறேன் சார். ஆமா சார், வீட்ல பிரச்சினை இல்ல. என் பொண்ணு பார்த்துப்பா, யார் கூப்பிட்டாலும் போக மாட்டா" என்றவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டுக்காரர் பையை இறக்கி வைத்து, சாவிகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். வெகு நேரம் எண்ணினார்.