வலித்தால் வளரும்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘தூண்’ என்பார்கள். தூணுக்கும் அவனுக்கும் மூளை ஒரே அளவு என்பதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

அவன் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரே சட்டம்தான்: வலித்தால் வளரும். மறுநாள் நொண்டிக்கொண்டு வருகிறவனைத் தட்டிக்கொடுப்பான். வலிக்கவில்லை என்பவனை வெட்டிப்பயல் என்பான்.

இரண்டாவது கொரோனா தடுப்பூசி போட்ட சில நாளில் அவனுக்கு நெஞ்சு வலித்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இந்தப் புண்ணியவான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றான்.

“அக்கா, நேத்து தூக்குனது நல்லா வேலை செய்யுது. நெஞ்சு ஏறுது பாரு!”

அன்றைக்கு இன்னும் இரண்டு இரும்புத் தட்டு சேர்த்துத் தூக்கினான். மாடிப்படியில் மூச்சுத் திணறி உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

“இதயத் தசையில அழற்சி,” என்றார் டாக்டரம்மா. “இந்த ஊசிக்கு அப்புறம் ரொம்ப அபூர்வமா வரும், அதுவும் பெரும்பாலும் இளம் ஆம்பளைங்களுக்கு. ஓய்வெடுத்தா அநேகமா சரியாயிடும். ஆனா நான் சொல்ற வரைக்கும், சில மாசம், எதையும் தூக்கக் கூடாது. தூக்குனா துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து.”

“இதயமும் தசைதானே டாக்டர்? கொஞ்சங்கொஞ்சமா பயிற்சி கொடுத்தா...”

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசியது.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஊசிதான் தன்னைக் கெடுத்தது என்று புலம்பினான். ஊசி ஒரு தீப்பொறி வைத்தது உண்மை. எண்ணெய் ஊற்றியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அவன் கட்டிலுக்கடியில் பழைய துணியில் சுற்றிய இரும்புக் குண்டுகளைக் கண்டுபிடித்தேன்.

“நான் தூக்கலைன்னா நான் யாருக்கா?”

“செத்துப்போனா மட்டும் யாருடா?”

அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அதனால் இன்னும் இரண்டு திட்டு திட்டினேன்.

இப்போது தண்ணீர் கேனை நான்தான் மாடிக்குத் தூக்குகிறேன். இந்தத் துரை நாற்காலியில் சாய்ந்து, முதுகை நேராக வை, முட்டியை மடக்கு என்று எனக்கே பாடம் எடுக்கிறான்.

நேற்று கேனைத் தொப்பென்று வைத்துவிட்டு, “வலிக்குதுடா,” என்றேன். வளரும் என்பான் என்று நினைத்தேன்.

முகம் வெளுத்து எழுந்துவிட்டான். “எங்க, அக்கா? நெஞ்சுலயா?”

“தோள்லடா, முட்டாள்,” என்றேன். “உக்காரு.”