ஏழாவது படத்தைத் திருப்பிய கை

வானியல் நிலையத்தில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆள் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். முதல் தடவை காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை, இதில் என்ன பொய் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அங்கே இருக்கிற விஞ்ஞானிகள் விண்மீன்களைப் பார்ப்பார்கள். மோப்பம் விஞ்ஞானிகளைப் பார்ப்பாள். அவர்கள் எழுதித் தள்ளுகிற கட்டுரைகளை இதழ்கள் கேட்கிற அளவில், கேட்கிற வரிசையில் ஒழுங்குபடுத்தி, படங்களின் ஓரத்தை வெட்டிச் சீராக்கி, இதழின் இணையப் பக்கத்தில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. ஒருத்தர் ‘கடைசி’ என்று பெயரிட்டு ஒரு கோப்பு தருவார். மறுநாள் ‘உண்மையான கடைசி’ வரும். அதற்கப்புறம் ‘இதுதான், சத்தியமா’ என்று ஒன்று வரும். உலகத்தில் எவரையும் நம்பக்கூடாது என்கிற ஞானம் அவளுக்கு இந்த மேசையில்தான் பிறந்தது. வீட்டில் பேருந்து ஓட்டுகிற கணவர் காரணமில்லாமல் சிரித்தால்கூட, “என்ன உடைச்சீங்க?” என்றுதான் கேட்பாள். பெரும்பாலும் ஏதாவது உடைந்துதான் இருக்கும்.

அவளாகவே ஒரு சட்டமும் கொண்டுவந்திருந்தாள். ஒரு படம் அவள் கைக்கு வந்து சரிபார்த்தாயிற்று என்றால் அது பூட்டியது பூட்டியதுதான்; பூட்டு வேறெதுவும் இல்லை, அவள் சொல்தான். மாற்ற வேண்டுமா, ஏன் மாற்றுகிறோம், முதலில் தப்புப் பண்ணியது யார் என்று எழுதி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு நிலையத்தில் தப்புகளே நடக்கவில்லை. அதாவது, நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஒரு பெரிய வேலை வந்தது. மங்கி மங்கிப் பிரகாசிக்கிற விண்மீன்களைப் பற்றி இதுவரை உலகத்தில் யார் யார் என்ன சொன்னார்கள், அதில் எது நிற்கும், எது விழும் என்று மொத்தமாக அலசி எழுதும்படி ஒரு வானியல் மீளாய்வு இதழ் அழைத்திருந்தது. அந்த இதழில் நாமாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. அவர்களே கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் ஒழுங்காகத் தரவில்லையென்றால் அந்தத் தலைப்பை வேறு குழுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

எழுதுவது இரண்டு பேர். ஒருவர் பெரியவர். ஆயுசில் பாதியை விண்மீன்களுக்கும் மீதியைத் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கும் செலவழித்தவர். இன்னொருவன் தாடி. அவனுடைய ஒப்பந்தம் முடியப்போகிறது. இந்தக் கட்டுரை நல்லபடியாகப் போனால் அவனுக்கு வேலை நிரந்தரம், சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இயக்குநர் கடிதத்திலேயே சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே மோப்பம்தான். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இதை வெளியே சொன்னால் மறுத்துவிடுவாள்.

வினை ஏழாவது படத்தில் வந்தது.

பெரியவர் இளவயதில் கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரு விண்மீன் கூட்டத்தின் புகைப்படம் அது. தாடி அதை ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருந்தான். ஓரத்தில் கிடந்த மைக்கிறுக்கல்கள் இதழுக்கு ஆகாது என்று வெட்டிவிட்டு மோப்பம் படத்தைப் பூட்டினாள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், இடது பக்கம் இருந்த பெரிய விண்மீன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. முழுப்படமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

தாடி கொடுத்த கோப்பை எடுத்து ஒப்பிட்டாள். சந்தேகமே இல்லை, யாரோ கைவைத்திருக்கிறார்கள். பழையபடி திருப்பி வைத்தாள். அடுத்த நாள் காலை, மறுபடியும் விண்மீன் வலது பக்கம்.

“தம்பி, ஏழாவது படத்தைத் தொட்டியா?” என்று தாடியைப் பிடித்தாள்.

“நானா? இல்லையேக்கா.”

“உன் காது ஏன் செவக்குது?”

“அது... வெயில்க்கா.”

“உள்ளதானே உக்காந்திருக்கே, எந்த வெயில்?”

அவன் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனான். கையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் நிறைய இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் காதில் விழுந்தது. மாடிப்படி வளைவில் நின்று தாடி கைப்பேசியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். “அவங்களுக்கு இன்னும் தெரியாது... காலைல திரும்ப மாத்திடறாங்க... நீங்க எதுவும் காட்டிக்காதீங்க, ப்ளீஸ்.”

மோப்பம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டினாள்.

“வேற ஏதோ குழு அவனை வெலைக்கு வாங்கியிருக்குங்க. இந்தக் கட்டுரைய நாறடிச்சிட்டா தலைப்பு அவங்களுக்குப் போயிடும். இவன் அங்க போய் ஜம்முனு உக்காந்துப்பான்.”

“ஒரு படத்தத் திருப்பிப் போட்டதுக்கா இவ்வளவு? நம்ம வீட்டு காலண்டர் கூடத்தான் போன வாரம் திரும்பித் தொங்கிச்சு.”

“அதையும் கேக்கணும்னு இருந்தேன். யாரு திருப்பினது?”

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அவள் ஒரு பொறி வைத்தாள். ஏழாவது படத்துக்குக் கீழே விளக்கம் எழுதுகிற இடத்தில், ‘இதைத் திருப்புகிறவன் கை அழுகிப் போகட்டும்’ என்று அழகாக, இதழ் கேட்கிற அதே எழுத்தளவில், எழுதி வைத்தாள். திருடன் படித்தால் முகம் மாறும், பிடித்துவிடலாம் என்பது கணக்கு. நாள்கள் போயின. யார் முகமும் மாறவில்லை. படம் மட்டும் தவறாமல் மாறியது.

கடைசியில் அவளே முந்திக்கொள்வது என்று தீர்மானித்தாள். ஒரு நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், படத்தைத் தாடி கொடுத்த கோப்பில் இருந்தபடியே வைத்து, கட்டுரையை இதழின் பக்கத்தில் ஏற்றினாள். அங்கே ‘இதழாசிரியருக்கு மட்டும், ரகசியம்’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. மோப்பம் எழுதினாள். ‘இரண்டாவது கட்டுரையாளரை நம்ப வேண்டாம். அவர் படங்களில் ரகசியமாகக் கைவைக்கிறார். அவரிடமிருந்து வரும் எந்தத் திருத்தத்தையும் ஏற்க வேண்டாம்.’ அனுப்பு என்பதை அமுக்கினாள். நெஞ்சு லேசானது. பசி கூட எடுத்தது.

பெரியவர் சாப்பிட்டுத் திரும்பியதும் நேராக அவர் அறைக்குப் போனாள்.

“ஐயா, அனுப்பிட்டேன். இனிமே எவனும் தொட முடியாது.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏழாவது படம் எப்படிம்மா போச்சு?”

“குடுத்தது குடுத்தபடி. பெரிய விண்மீன் எடது பக்கம்.”

“ஐயோ” என்றார் அவர். அவ்வளவு மெதுவாகச் சொன்ன ஐயோவை அவள் கேட்டதே இல்லை.

அலமாரியிலிருந்து ஒரு அட்டை உறையை எடுத்தார். உள்ளேயிருந்து கண்ணாடித் தகடு வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “மூலைல பாரு” என்றார். மூலையில் அவர் கையால் மையில் எழுதிய எண். நேராகப் பிடித்தால் எண்ணைப் படிக்க முடிந்தது. அப்போது பெரிய விண்மீன் வலது பக்கம் இருந்தது. தகட்டைத் திருப்பினார். விண்மீன் இடது பக்கம் வந்தது, எண் இடம் வலமாகப் புரண்டு வெறும் கிறுக்கலாகிவிட்டது.

“அந்தப் பையன் ஸ்கேன் எடுக்கும்போது தகட்டப் பின்பக்கமா வெச்சுட்டான். எண்ணக் கவனிச்சிருந்தா நீயே கண்டுபிடிச்சிருப்பே. கிறுக்கல்னு ஓரத்த வெட்டிட்டே.”

மோப்பம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். “அப்ப தெனமும் திருப்பினது?”

“நான்தான்.”

“நீங்களா! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்கய்யா?”

“சொன்னா நீ காரணம் எழுதச் சொல்லுவே. தப்பு பண்ணது யாருன்னு எழுதணும். அது இயக்குநர் மேசைக்குப் போகும். அவன் வேலைய முடிவு பண்ற நேரத்துல அது வேணாம்னுதான், நானே நீ போனப்புறம் திருப்பி வெச்சேன். அவனும் போன்ல கெஞ்சினான், உன்கிட்ட காட்டிக்காதீங்கன்னு. நீ காலைல வந்து திரும்பத் திருப்பறே. ரெண்டு பேரும் நல்லா வெளையாடியிருக்கோம்.”

“கீழ எழுதியிருந்தத...?”

“படிச்சேன். கை அழுகிப் போகட்டும்னு இருந்தா, அது என் கைன்னு எப்படிம்மா சொல்றது?”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. அந்த ரகசியப் பெட்டி கண்முன் நின்றது. படத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, தப்பான படத்தையும் சாபத்தையும் அனுப்பியதோடு, ஒரு பையனின் வேலையையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அனுப்பியதை நாமாகத் திரும்பப் பெற அந்தப் பக்கத்தில் வழி கிடையாது. இதழின் ஆசிரியர் மனம்வைத்தால்தான் உண்டு.

பெரியவரிடம் அதைச் சொல்லாமலே எழுந்தாள். தன் மேசைக்கு வந்து இதழின் எண்ணைத் தேடி அழைத்தாள். ஆசிரியர் அம்மாவே எடுத்தார்.

“இப்பதாங்க தொறந்தேன். ஏழாவது படத்துக்குக் கீழ யார் கையோ அழுகணும்னு இருக்கே. இது கண்டுபிடிப்பா, வேண்டுதலா?”

“அது நான் எழுதினதுங்கம்மா. படமும் தப்பு. ரகசியப் பெட்டில இருக்கிறதும் தப்பு.”

எதிர்முனையில் ஆசிரியர் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்து படித்தார். “அது சின்னத் தப்பு இல்லைங்களே. ஒரு மனுஷனப் பத்தி எழுதியிருக்கீங்க.”

“தெரியும்மா. அவன் எதுவும் பண்ணல. நானா நெனச்சுக்கிட்டேன்.”

“கட்டுரைய இப்பவே திருப்பி அனுப்பறேன். ஆனா அந்தக் குறிப்ப அழிக்கணும்னா, அது பொய்ன்னு உங்க பேர்ல எழுதிக் குடுங்க. அந்தத் தம்பியும் அதப் படிக்கணும். ஒருத்தருக்குத் தெரியாம அவர் பேரக் கெடுக்கிறதும் கூடாது, தெரியாம நல்லாக்கறதும் கூடாது. எனக்கு அப்படித்தான்.”

மோப்பம் எழுதினாள். வேறு குழு அவனை விலைக்கு வாங்கிவிட்டதாகத் தானே நினைத்துக்கொண்டதையும் ஒளிக்கவில்லை. கணக்கில்லாத கட்டுரைகளைச் சீர்செய்த கைக்கு அந்த நாலு வரி வரவே மாட்டேன் என்றது. பிறகு திரையைத் தாடி பக்கம் திருப்பி, “படி” என்றாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். இந்தத் தடவை காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்தது.

“என்னை வெலைக்கு வாங்கிட்டாங்கன்னா நெனச்சீங்க?”

“ம்.”

“எவ்வளவுக்குக்கா?”

“என்னடா கேள்வி இது?”

“இல்ல, இங்க குடுக்கிறதவிட அதிகமான்னு பாத்தேன்.” சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. “நான் தகட்டத் திருப்பி வெச்சதச் சொல்லியிருக்கணும்க்கா. உங்களப் பாத்தா பயம். இயக்குநரக் கண்டாகூட அவ்வளவு பயமில்ல.”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. யாரும் தப்பை ஒளிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவள் அவள். எல்லோரும் ஒளித்தது அவளிடமிருந்துதான்.

“காரணம் எழுதற சட்டம் இன்னையோட போச்சு” என்றாள். “தப்புன்னா என்கிட்ட வந்து தப்புன்னு சொல்லு. அது போதும்.”

“நெஜமாவாக்கா?”

“சந்தேகமா இருக்கா?”

“கொஞ்சம்.”

படத்தைத் தாடியே சரியான பக்கம் வைத்தான். சாபத்தை அழித்துவிட்டு, எந்த விண்மீன் கூட்டம், யார் எடுத்தது என்று ஒழுங்கான விளக்கத்தை மோப்பம் எழுதினாள். பெரியவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். ஆசிரியர் அம்மா திருப்பி அனுப்பிய கட்டுரை மறுபடி ஏறத் தயாராக நின்றது. நிலையத்தில் அந்தப் பொத்தானை அமுக்கியது இதுவரை மோப்பம் மட்டும்தான். அவள் எழுந்து நாற்காலியைத் தாடிக்குத் தள்ளினாள்.

“நீ அமுக்கு. நான் பாக்கல.”

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கதவிலிருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை அழுத்திக்கொண்டு, அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.