கூரை திறந்த காரும் இரண்டு குட்டிச் சீட்டும்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். வைகாசி மாதம். என் பிள்ளைகள் இருவருக்கும் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவாகி, மயிலாடும்பாறைப் பக்கம் இருக்கும் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்திருந்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை.

காதுகுத்து என்றால் எங்கள் பக்கத்தில் அது தாய்மாமனுடைய நாள். சீர் அவன் கொண்டுவர வேண்டும், பிள்ளையை மடியில் அவன் வைத்துக்கொள்ள வேண்டும். என் கணவர் வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் கோயிலுக்கு வருவதே தாய்மாமன் வண்டியில்தான் வர வேண்டும். ஊர் எல்லையில் மேளத்தோடு காத்திருந்து அந்த வண்டியை அழைத்துப் போவார்கள். வேறு வண்டியில் வந்தால், மாமனுக்கும் அக்காவுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று அடுத்த விசேஷம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஒரே தம்பி. சின்னமனூரில் வளர்ந்தவன், கொச்சியில் பழைய கார் வாங்கி விற்கும் தொழில் செய்கிறான். காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தேனியில் எங்கள் தெருவுக்குள் ஒரு சிவப்புக் கார் நுழைந்தது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. வாசலில் வந்து நின்று, உள்ளிருந்து தம்பி ஒரு பொத்தானை அமுக்கினான். கூரை அப்படியே பிரிந்து, மடங்கி, பின்னால் டிக்கிக்குள் போய் ஒளிந்துகொண்டது. தெருவே வெளியே வந்துவிட்டது. என் மகள் கைதட்டிக் குதித்தாள்.

"மருமக்கள இதுலதான்க்கா கூட்டிட்டுப் போறேன். அம்மா பின்னாடி உக்காந்து மடியில வச்சுக்கட்டும். ஊர் எல்லைக்குப் போனதும் ரெண்டு பேரையும் சீட்டு மேல நிக்க வச்சிரலாம். அடிபொளியா இருக்கும் பாரு" என்றான். கொச்சிக்குப் போன பிறகு எது நன்றாக இருந்தாலும் மலையாளத்தில் அவனுக்கு அடிபொளிதான்.

நான் பிசியோதெரபி செய்பவள். விபத்தில் அடிபட்ட பிள்ளைகள் மீண்டும் கழுத்தை நிமிர்த்தவும், ஸ்பூன் பிடிக்கவும் என்னிடம் பழகுவார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளையின் அம்மா, மாதக்கணக்கில் என்னிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "மடியிலதான் வச்சிருந்தேன்." அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கென்றே பெல்ட்டோடு வரும் இரண்டு கார் சீட் வாங்கி எங்கள் காரில் பொருத்தினேன். பக்கத்துக் கடைக்குப் போனாலும் பிள்ளைகள் அதில்தான் உட்கார வேண்டும். சொந்தத்தில் எனக்கு இதனாலேயே நல்ல பெயர் கிடையாது.

"சீட் மாட்டாம எம்பிள்ளைக இந்த வண்டியில ஏறாதுடா" என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "பிள்ளைகள விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போறமா, ஜெயிலுக்குக் கொண்டு போறமா?" என்று கேட்டான். சீரோடு வந்திருந்த என் அம்மா அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஏன்டி ஆத்தா, உங்களையெல்லாம் நான் கட்டிப் போட்டா வளத்தேன்? தம்பி ஆசையா வந்துருக்கான், அவன் மொகம் கோணுற மாதிரிப் பேசாத." என் நாத்தனார் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தாய்மாமன் வண்டியிலதான் பிள்ளைக வரணும். ஊரே எதிர்பாத்துக்கிட்டு இருக்காக." கணவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, பந்தல்காரருக்குப் போன் போடப் போய்விட்டார்.

தம்பி மனம் நோகக் கூடாதுதான். ஆனால் சீட் விஷயத்தில் இறங்கிவரவும் முடியாது. அப்படியானால் அவன் காரிலேயே சீட்டை மாட்டிவிட வேண்டியதுதான் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

சொல்வது சுலபம். அதற்குள் மழை தூறவே தம்பி கூரையை மூடிவிட்டான். அந்தக் காரின் பின்சீட்டு, பேருக்குத்தான் சீட்டு. இரண்டு கைப்பையை வைக்கலாம், அவ்வளவுதான். முன்சீட்டை மடக்கி, எங்கள் காரிலிருந்து கழற்றிய மகளுடைய சீட்டை அந்தச் சந்து வழியாக நுழைத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் "சாச்சு விடுங்க, கட்டில் மாதிரி" என்றார். பால் ஊற்ற வந்தவர் "தலகீழாத் திருப்புங்க" என்றார். நான் உள்ளே மண்டியிட்டு இழுக்க, தம்பி வெளியே நின்றபடி, "தோல் சீட்டு கிழிஞ்சிரும்க்கா, பாத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் நகம் பெயர்ந்தது. ஒரு கட்டத்தில் கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

தூறல் நின்றிருந்தது. சிக்கிய சீட்டை ஒருவழியாக வெளியே எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கதவு வழியாக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

"ஏலே, கூரையத் தொறடா."

கூரை திறந்தது. நான் ஒரு பக்கமும் அவன் மறுபக்கமும் பிடித்து, மேலே இருந்து அப்படியே இறக்கினோம். அண்டாவை அடுப்பில் இறக்கி வைக்கிற மாதிரி அலுங்காமல் உட்கார்ந்தது. சீட்டு இடுக்கில் இருந்த இரும்பு வளையங்களில் கொக்கி மாட்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்து மகனுடையது. அவன் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டிய வயது என்பதால் அவன் சீட்டுக்கு இடம் அதிகம் வேண்டும். எனக்குரிய முன்சீட்டை முன்னால் தள்ளியதில் என் முட்டி டேஷ்போர்டில் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பி சீட்டுகளை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

கூரையை மடக்கினால் டிக்கி நிறைந்துவிடும் என்பதால் சீர்த் தட்டு எதையும் அங்கே வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றினோம். பின்னால் இடமில்லாததால் அம்மாவும் அதிலேயே டிரைவருக்குப் பக்கத்தில் வர வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கொச்சியிலிருந்து தம்பி ஆசையாகக் கொண்டுவந்த பெரிய பலாப்பழத்தை மட்டும் அவன் குட்டியானையில் விடவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அதைச் செருகினான். "இதுக்கும் ஒரு பெல்ட் போடணுமாக்கா?" என்று கிண்டல் வேறு. ஜெயித்துவிட்ட நினைப்பில் நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். கணவர் விடியுமுன்பே எங்கள் காரில் பாத்திரபண்டத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். குட்டியானை பின்னால் வந்தது. வைகாசிக் காற்று முகத்தில் அடித்தது. கண்டமனூர் தாண்டியதும் இரு பக்கமும் முருங்கைத் தோட்டம், அப்புறம் இலவ மரங்கள். மகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள், மகன் தூங்கிவிட்டான். மருமக்களைச் சீட்டு மேல் நிற்க வைக்க முடியாத வருத்தம் தம்பிக்கு. எதிரே வருகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் காரைப் பார்த்துக் கையாட்டியபோதும் அவன் சிரிக்கவில்லை. நான் அவனுடைய நாளைப் பாழாக்கிவிட்டேன் என்று எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

கடமலைக்குண்டு தாண்டியாயிற்று, கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு வளைவில் திரும்பினால், சாலை முழுக்க ஆடுகள். தம்பி பிரேக்கை மிதித்தான். ராத்திரி பெய்த மழையில் ஓரத்தில் படிந்திருந்த சேற்றில் வண்டி இழுத்துக்கொண்டு போய், ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றது.

எனக்கு முதலில் கேட்டது என் காதுக்குப் பக்கத்தில் ஏதோ பறந்துபோன சத்தம். பலாப்பழம். பெல்ட் போட்டிருந்த எங்கள் இருவருக்கும் நடுவால் போய், டேஷ்போர்டில் மோதிப் பிளந்து கிடந்தது. பாட்டுப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு குழி. அதிலிருந்து ஒயர்கள் தொங்கின. சுளைகள் தம்பியின் மடியில் சிதறியிருந்தன.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. திரும்பினேன். பெல்ட் பிடித்த இடத்தில் தோளைத் தொட்டுக்கொண்டு மகள் திருதிருவென்று விழித்தாள். ஒரு நொடி கழித்து ஓவென்று அழுதாள். அதைக் கேட்டு மகன் விழித்து அவனும் சேர்ந்துகொண்டான். பிள்ளைகள் அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கழுத்து, கை, கால், கண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மகள் தோளில் ஒரு சிவப்புத் தடம். வேறு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

தம்பி இறங்கிப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். அவன் நொறுங்கிய காரின் மூக்கைப் பார்க்கவில்லை. உடைந்த பலாப்பழத்தையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குட்டியானை வந்து நின்றது. அம்மா அலறிக்கொண்டு இறங்கிப் பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். நான் போன் செய்ததும் கணவரும் காரோடு பறந்து வந்துவிட்டார், கூடவே நாத்தனாரும். எல்லாரும் நலம் என்று தெரிந்ததும் நாத்தனாருக்கு நல்ல நேரத்தின் கவலை வந்துவிட்டது. "சாமி காப்பாத்திருச்சு. ஏறுங்க எல்லாரும். காது குத்துற ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு. பிள்ளைகள நான் மடியில வச்சுக்கிறேன், இந்தா இருக்கு கோயிலு" என்றார்.

எங்கள் காரில் சீட் இல்லை. இருந்த சீட்டுகளோ இடி வாங்கியவை. ஒருமுறை அடிபட்ட சீட்டை மறுபடி நம்பக் கூடாது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தெம்பே இல்லை. மேளக்காரர்கள் நிற்கிறார்கள், நேரம் போகிறது, அம்மா அழுகிறார். கொஞ்ச தூரம்தானே என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. மகனைத் தூக்கி நாத்தனார் கையில் கொடுக்கப் போனேன்.

அப்போது தம்பி எழுந்து வந்து நடுவில் நின்றான்.

"முடியாது."

"என்னடா முடியாது? நேரம் போகுது" என்றார் அம்மா.

"போகட்டும்மா. மடியில வச்செல்லாம் எம்மருமக்க வரமாட்டாக. மச்சான், நீங்க வண்டிய எடுத்துட்டு முன்னாடி போங்க. நாங்க நடந்து வர்றோம்."

நாத்தனார் விடவில்லை. "தாய்மாமன் வண்டியில வரணும்ங்கிறது எங்க வீட்டு வழக்கம். நடந்து வந்தா ஊர்ல என்ன சொல்லுவாக?"

"மாமன் தோள்ல வந்தாகன்னு சொல்லட்டும். நான் வண்டி இல்லையா?"

சொல்லிவிட்டு மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தான். என் கையிலிருந்த மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். வெள்ளை வேட்டி முழுக்கப் பலாச்சுளையின் கறை. சாலையின் ஓரமாக, மண்ணில் இறங்கி நடக்க ஆரம்பித்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முதலில் தயங்கிய அம்மாவும், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சீர்த் தட்டைத் தூக்கியபடி எங்களோடு வந்து சேர்ந்தார். மலைப்பக்கமிருந்து வெயில் ஏறியது. தம்பிக்கு மூச்சு வாங்கியது. "ஒருத்தரக் குடுடா" என்று எத்தனை முறை கேட்டும் கொடுக்கவில்லை.

ஊர் எல்லையில் நின்ற மேளக்காரர்கள் எங்களைக் கண்டதும் தாங்களாகவே எதிரே நடந்து வந்தார்கள். நல்ல நேரம் தாண்டித்தான் காது குத்தினோம். தம்பி மடியில் உட்கார்ந்து என் மகள் அழவே இல்லை, அவன்தான் அழுதான்.

அந்தக் காரைச் சரிசெய்து அவன் விற்றுவிட்டான். தேனிக்கு வரும்போதெல்லாம் இப்போது அவன் வண்டியில் இரண்டு புதுச் சீட்டு முன்கூட்டியே மாட்டியிருக்கும். நாத்தனார் மட்டும் இன்றும் அந்த நல்ல நேரத்தை நினைத்து வருத்தப்படுவார். நான் மறுத்துப் பேசுவதில்லை. சீட் விஷயத்தில் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிய நானே, நாலு பேர் முகத்துக்காகப் பிள்ளையைக் கைமாற்றப் போன நேரம் அது என்று எனக்குத் தெரியும். அன்று தம்பி கொண்டுவந்த பட்டும் வெள்ளிக்கொலுசும் பிள்ளைகளுக்குச் சின்னதாகிவிட்டன. நான் தளர்ந்து நின்ற இடத்தில் அவன் சொன்ன அந்த 'முடியாது'தான் என் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மாமன் செய்த சீர்.