ஓல்கா வைத்த கெடு

ஓல்கா ஸ்டெபனிக் வின்னிபெக் நகரில் உட்கார்ந்துகொண்டு, வடக்கே இருக்கும் மருத்துவ நிலையங்களின் இணைய வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டிகளைக் கட்டி மேய்த்தவள். சிடுசிடுப்புக்காரி. மதியத்துக்குப் பியரோகிக் கொழுக்கட்டை கட்டிக்கொண்டு வருவாள். ஒருவருக்கும் ஒன்றுகூடத் தரமாட்டாள். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஊர்களுக்கு விமானம்தான் கதி. ஏப்ரலில் பனி இளகிவிட்டால் உறைந்த ஏரிமேல் போட்ட பாதையும் போய்விடும். அங்கே ஒரு பெட்டி மக்கர் செய்தால், அதை அணைத்துப் போட ஓர் ஆளை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் எந்தக் கட்டளையைத் தட்டும் முன்பும் ஓல்கா பெட்டிக்கு ஒரு கெடு வைப்பாள். கெடுவுக்குள் அவள் வந்து நிறுத்தாவிட்டால், பெட்டி புதிதாகச் சொன்னதையெல்லாம் மறந்து, தானே அணைந்து, பழையபடி எழுந்துகொள்ளும். தன் கட்டளையாலேயே தான் வெளியே மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. எனக்கு நடந்ததில்லை என்பவன் புளுகுகிறான்.

அன்று காலை வேறொரு நிலையத்தின் கணினிகளில் வைரஸ் புகுந்துவிட்டது. வெளியிலிருந்து யாரும் பெட்டிகளுக்குள் நுழையாதபடி அடைக்கச் சொல்லி உத்தரவு. ஓல்கா அவசர அவசரமாகக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஸ்கிரிப்ட் எழுதினாள்.

"கெடு வெச்சாச்சா தாயே? இல்ல, இன்னிக்காவது சாமி மேல பாரத்தைப் போட்டுட்டியா?" என்று பக்கத்து மேசை கோர்டன் சீண்டினான்.

"உன்மேல போடறதுக்கு சாமி எவ்வளவோ மேல். பேசாம வேலையப் பாரு."

முதல் நிலையத்தில் ஓடவிட்டாள். திரை அப்படியே நின்றது. எல்லோரையும் அடை என்ற வரி மேலே இருந்தது. ஓல்காவை மட்டும் விடு என்ற வரி அதற்குக் கீழே. பெட்டி மேலிருந்துதான் படிக்கும்; பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். சே, கற்றுக்குட்டி செய்யும் தப்பு! போகட்டும், கெடு முடிந்தால் தானே திறக்கும் என்று காபி எடுக்க எழுந்தாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. அதே நிலையத்தில் தனியாளாக இருக்கும் நர்ஸ் டெல்ஃபின் பியர்டி.

"ஓல்கா, லைனைத் தொட்டுறாத. பிரசவம். நாள் இருக்கறப்பவே வலி வந்துடுச்சு. டாக்டர் வீடியோவுல இருந்து சொல்லச் சொல்லச் செஞ்சிட்டிருக்கேன்."

ஓல்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த வீடியோவும் இந்த ஃபோனும் ஓடும் பெட்டி இன்னும் சில நிமிடங்களில் அணையப் போகிறது. நிறுத்தலாமென்றால் அது அவளை உள்ளேயே விடாது.

கோர்டன் அவள் திரையைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான்: "சொல்லித் தொலைக்காத. இந்தச் சீசன்ல லைன் போறது சகஜம். யார் கேக்கப் போறா?"

ஓல்கா அவன் பக்கம் திரும்பவில்லை. "டெல்ஃபின், நான் தப்புப் பண்ணிட்டேன். இப்ப படம் போயிடும், இந்த ஃபோனும் போயிடும். திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். என்னால நிறுத்த முடியல. கேக்க வேண்டியதையெல்லாம் டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுக்கோ."

மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிறகு டெல்ஃபின் டாக்டரிடம் மளமளவென்று கேட்பது கேட்டது. பாதிப் பேச்சில் லைன் போயிற்று.

பெட்டி எழுந்துகொண்ட பிறகும் ஓல்காவுக்குக் கூப்பிடத் துணிவில்லை. டெல்ஃபினேதான் கூப்பிட்டாள்.

"பொண்ணு. கத்து கத்துன்னு கத்தறா. அம்மாவும் நல்லா இருக்கா."

"என்னை மன்னிச்சுடு, டெல்ஃபின்."

"தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. அப்படி இருந்தா என்ன பண்றதுன்னு லைன் போறதுக்குள்ள டாக்டர்கிட்ட கேட்டு வெச்சிருந்தேன்," என்றாள் டெல்ஃபின். "நீ மட்டும் சொல்லாம விட்டிருந்தா, இதோ படம் வந்துடும், டாக்டர் சொல்லட்டும்னு நான் கையைக் கட்டிட்டு நின்னிருப்பேன்."