செல்வி கை தூக்காத காலை

நான் ஏறியிருந்த யட்டவத்த பஸ் எங்கள் பழைய கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் காலைச் செபம் கேட்டது.

நாங்கள் படித்த காலத்தில் யாருக்காக வேண்டுவது என்று சிஸ்டர் வகுப்பில் கேட்பார். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் என் சிநேகிதி செல்வி, விபூதி நெற்றியோடு முதல் ஆளாகக் கை தூக்குவாள். "குவைத்துல இருக்கிற எங்கம்மா சீக்கிரம் வரணும், சிஸ்டர்."

ஒருநாள் அவள் கை தூக்கவில்லை.

"அம்மா வந்துட்டாங்களாடி? எனக்குச் சொக்லட் எங்க?" என்று சந்தோஷமாக அவள் விலாவில் இடித்தேன். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வியின் அம்மாவுக்காக" என்று சொல்லி, சிஸ்டர் மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார்.

செல்விக்கு அந்தச் செபம் தெரியாது. "சொல்லிக் குடுடி" என்றாள். வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நான் இறங்கவேண்டிய இடத்தைப் பஸ் எப்போதோ தாண்டியிருந்தது.