ஐந்தாம் வார்த்தைக்கு ஒரு செம்புத் தண்ணீர்

சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் பெரிய வெள்ளி ஆராதனையில் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பேசுவது எங்கள் சபை வழக்கம். பல வருடங்களாக எனக்குக் காணிக்கைப் பை தூக்கும் வேலைதான். போன வருடம் ஒருவழியாக ஐந்தாம் வார்த்தை கிடைத்தது. தாகமாக இருக்கிறதென்று அவர் சொன்னது அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாகத்தைப் பற்றிப் பேசப் போகிறவன் தாகத்தை அனுபவிக்க வேண்டாமா? நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் முழுக்கப் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று பொருத்தனை செய்துகொண்டேன்.

"கிட்னியில ஏற்கெனவே கல்லு இருக்குது. தண்ணி ஜாஸ்தியா குடிக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?" என்று டம்ளரை நீட்டினாள் என் மனைவி.

"டாக்டர் பெரியவரா, ஆண்டவர் பெரியவரா?" என்று மடக்கினேன்.

"ஆண்டவரு எப்போங்க உங்களைத் தண்ணி குடிக்காதன்னாரு?"

இவளுக்கு ஆவிக்குரிய விஷயம் எங்கே புரியப்போகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

வேங்கிக்காலில் எனக்கு அலுவலகம். பங்குனி வெயிலில் எங்கள் ஊர் மலை அடுப்புக்கல் மாதிரி காயும். யாராவது காபி நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பேன். அந்த மறுப்பில் காபியைவிட ருசி இருந்தது.

"நாங்க கிரிவலம் சுத்தறப்பவே தண்ணி குடிச்சிக்கினுதான் சார் நடக்கிறோம். உங்க சாமி ரொம்ப ஸ்டிரிக்டா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

சாந்தமாகப் புன்னகைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகிய புன்னகை அது.

பெரிய வெள்ளி வரும் பரிசுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் இடுப்பில் பிடித்தது வலி. அடிவயிற்றுக்கு இறங்கியபோது நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உருண்டேன். அந்த நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிட்டேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான். "ஐயோ அம்மா" என்றுதான் அலறினேன். மேசைக்காரர்தான் என்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்.

"சொன்னா கேக்க மாட்டீங்களா? தண்ணி குடிச்சிக்கினே இருக்கணும். கம்மி பண்ணீங்கன்னா மறுபடியும் தரையிலதான்" என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டுமாவது தாக்குப்பிடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மனைவி நேராகப் போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். என்னைவிட வயதில் சின்னவர், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, பிரசங்கபீடத்துல எல்லாரு முன்னாடியும் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க. முடியாதுன்னா வார்த்தையை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"என் பொருத்தனை?"

"அதை நான் ஆண்டவருகிட்ட பேசிக்கிறேன். நீங்க குடிங்க."

கல் வலி பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

பெரிய வெள்ளியன்று சபை முழுக்க உபவாசம். சின்னப் பிள்ளைகள்கூட உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் செம்போடு படியேறினேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, செம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பக்கம் பக்கமாக எழுதிவைத்த பிரசங்கம். தாகத்தை வெளியில் காட்டாமல் சகிப்பவனே வீரன் என்று தொடங்கியிருந்தேன்.

அதை வாசிக்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது. அவர் எங்கே காட்டாமல் இருந்தார்? தம்மைக் கேலி செய்தவர்கள் முன்னாலேயே தாகம் என்று வாய்விட்டுச் சொன்னார். அவர்கள் நீட்டிய புளித்த காடியையும் வாங்கிக்கொண்டார். எனக்கோ, கட்டியவள் டம்ளரை நீட்டியும் வாங்கத் தெரியவில்லை.

காகிதங்களை மடித்துப் பையில் வைத்தேன். செம்பைத் தூக்கிக் குடித்தேன். நான் குடித்த மடக் மடக்கென்ற சத்தத்தை மைக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. யாரோ சிரித்தார்கள்.

"எனக்கும் தாகமாத்தான் இருந்துச்சு. சொல்லத்தான் கௌரவம் விடல" என்றேன். செம்போடு இறங்கிவிட்டேன்.