மூவாருக்கு ரயில் கேட்டவன்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் யாசருக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். இருபத்தாறு வருடமாக எலும்பு வெட்டுகிற கை. பட்ட இடம் சும்மா போகாது. அந்தக் கையை அவன் மனிதர்கள் மேல் ஓங்கியது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காகத்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். ரயிலுக்காக. அதுவும் இன்னும் தண்டவாளமே போடாத ரயிலுக்காக.

அவன் பிறந்தது மலேசியாவில், ஜொகூரில் இருக்கும் மூவாரில். இருபது வயதில் சிங்கப்பூருக்கு வந்து, ஃபர்சானாவைக் கட்டி, உட்லண்ட்ஸில் வீடு வாங்கி, குடிமகனும் ஆகிவிட்டான். வாப்பாவும் உம்மாவும் மூத்த மகன் இப்ராஹீமோடு மூவாரிலேயே இருந்துவிட்டார்கள். நூற்றெண்பது கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் மூவாருக்கு ரயில் கிடையாது. பஸ்தான், அதற்கு முன்னால் எல்லைச் சோதனைக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் காஸ்வே பாலம்.

2017இல், பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில், விடிந்ததும் வாப்பா மவுத்தானார். யாசர் உடனே கிளம்பினான். காஸ்வே மட்டும் நாலரை மணி நேரத்தை விழுங்கியது. அவன் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கபுருஸ்தான் வாசலிலேயே அண்ணன் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். விலக்க வந்தவரையும் உதைத்துத் தள்ளினான்.

இப்ராஹீம் திருப்பி அடிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதுடா. மதியம் லுஹர் தொழுகைக்குள்ள அடக்கணும்னு ஜமாத்துல சொல்லிட்டாங்க," என்றார். பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டார். "உசுரோட இருந்தப்ப வந்து பாக்க பஸ் போதுமா இருந்துச்சு. நீதான் வரல."

அது அவனுக்குச் செரிக்கவே இல்லை. உண்மை செரிக்காதவன் யார் தலையிலாவது பழியைப் போடுவான். யாசர் ரயில் தலையில் போட்டான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அதிவேக ரயில் வரும், மூவாருக்கும் ஒரு நிலையம் உண்டு என்று அப்போது பேச்சு. அது மட்டும் அன்றைக்கே ஓடியிருந்தால் வாப்பா முகத்தைப் பார்த்திருப்பேன் என்று ஃபர்சானாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். 2021 பிறந்த அன்று திட்டம் ரத்து என்று செய்தி வந்ததும் தொலைக்காட்சியில் ஓங்கிக் குத்தினான். திரை நொறுங்கி, விரல் முட்டியில் ஏழு தையல். காப்பிக் கடையில் அதைக் கேலி செய்தவன் மேல் நாற்காலியை வீசினான். சுவரில் பட்டு அது உடைந்ததால் அந்த ஆள் பிழைத்தான்.

பிறகு ரயில் பேச்சு மறுபடி கிளம்பியது. அதற்குள் உம்மாவுக்கு எண்பத்தொன்று, இதயம் பாதிதான் வேலை செய்கிறது. உம்மாவின் அடக்கத்துக்காவது நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, வாடிக்கையாளர் அழகப்பன் கடைக்கு வந்தார். மலாக்காவுக்குச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். பேச்சு ரயிலுக்குத் தாவியது.

"ரயில் வந்தா என் பொழப்பு போயிரும் பாய். அதை விடுங்க. ஸ்டேஷன் என்ன உங்க ஊருக்குள்ளயா வருது? எங்கயோ செம்பனைத் தோட்டத்துல இறக்கி விடுவான். அங்கருந்து டாக்சி புடிக்கணும் லா."

"காஸ்வேல அஞ்சு மணி நேரம் நிக்கறதுக்கு அது தேவலாம்ணே," என்றான் யாசர். குரல் ஏறியிருந்தது. "எங்க ஊரு ஆளுங்க எத்தனை வருஷம் பஸ்ஸையே நம்பிக் கெடக்கறது?"

அழகப்பன் சிரித்தார். "மூவாருக்கு எதுக்கு அவ்வளவு ஸ்பீடு? அங்க யாருக்கு என்ன அவசரம்?"

கத்தி கையில் இருக்கும்போது சண்டை கூடாது என்பது கறிக்கடைக்காரன் முதலில் கற்கிற பாடம். யாசர் அதை மறக்கவில்லை. கத்தியை நிதானமாகக் கொக்கியில் மாட்டினான். மாட்டிய கையாலேயே உறைந்து கல்லாய்க் கிடந்த ஆட்டுத் தொடையை எடுத்து அழகப்பன் முகத்தில் வீசி அறைந்தான். தாடை முறிந்த சத்தம் மூன்று கடை தாண்டிக் கேட்டதாம். கீழே விழுந்தவரை இன்னொரு முறை அடித்தான். மீன்கடைக்காரர்கள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியபோதும், "அவசரம் இருக்குடா, எனக்கு இருக்கு," என்று கத்திக்கொண்டிருந்தான். கறிப்பலகையில் ஆட்டு ரத்தம் எது, ஆள் ரத்தம் எது என்று தெரியவில்லை. பாவம் அழகப்பன், வயிற்றுப்பாட்டைப் பேசியவர். தாடைக்குக் கம்பி வைத்து, கஞ்சியைக் குழாயில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

யாசர் மேல் வழக்கு. ஜாமீனில் வந்தான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணனிடம் இதை மூச்சு விடவில்லை. "கடையில வேலை ஜாஸ்தி நானா," என்று புளுகினான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு இப்ராஹீம் அழைத்தார்.

"உம்மா மவுத்தாயிட்டாங்கடா."

யாசர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். வக்கீலுக்கு ஃபர்சானா போன் போட்டாள். வெளிநாடு போக அனுமதி கேட்டுத் திங்கட்கிழமைதான் மனு போட முடியும் என்றார் அவர். யாசர் சுவரில் ஒரு குத்து விட்டான். விரல் பிளந்தது. இரண்டாவது குத்துக்கு ஃபர்சானா அவன் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது.

"ஜமாத்துல சண்டை போட்டுட்டேன்," என்றார் இப்ராஹீம். "என் தம்பி வராம மய்யித்தைத் தூக்க விடமாட்டேன்னு சொல்லிட்டேன். லுஹர் இல்ல, அஸர் இல்ல, பொழுது சாஞ்சு மஃரிபு ஆனாலும் காக்கறோம். நீ பதறாம வா. எத்தனை மணிக்கு வருவ, அதை மட்டும் சொல்லு."

யாசரின் பிளந்த விரலிலிருந்து ரத்தம் போனில் வழிந்தது.

"சொல்லுடா. எல்லாரும் நிக்கறாங்க."

"தூக்கிடுங்க நானா," என்றான் யாசர்.